சிறையுள் புகுந்த அறச்செல்வி: எலிஸபெத் பிரை அம்மையார்

பூம்புகாரின் சிறைக்கூடத்தில் பசியால் வாடிக் கிடந்தோர்க்கு அமுதசுரபி கொண்டு உணவளித்தாள் மணிமேகலை. அச்செய்தி கேட்டு மகிழ்ந்த மன்னன், அவள் வேண்டுவது யாதென வினவினான். அச்சிறையையே அறம் செய்யும் இடமாக மாற்றித் தருமாறு அவள் வேண்டினாள் என்று நம் காப்பியம் கூறுகிறது. காப்பியத்தில் அஃது ஒரு நாளில் நடந்து முடிந்தது. வரலாற்றிலோ அத்தகைய மாற்றம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்து நாட்டில், ஒரு குடும்பத் தலைவி அதே விருப்பத்தோடு சிறைக்குள் நுழைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். பாதி வழி வென்றார். மீதி வழி தம் கண்முன்னரே வேறு திசையில் திரும்பக் கண்டார். அவரே எலிஸபெத் பிரை அம்மையார்.

அக்காலச் சிறைகள்

அம்மையாரின் தொண்டை உணர வேண்டுமாயின், அவர் காலத்துச் சிறை எவ்வாறு இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அந்நாளில் சிறை என்பது பெரும்பாலும் தண்டனைக்குரிய இடமாகக் கருதப்படவில்லை. விசாரணைக்குக் காத்திருப்போரும், தூக்குமரத்தை எதிர்நோக்கியிருப்போரும், கடல் கடந்து அனுப்பப்பட வேண்டியவரும், கடனைத் தீர்க்க இயலாதவரும் ஒன்றாக அடைத்து வைக்கப்படும் பட்டியாகவே அது இருந்தது. பல ஊர்களில் சிறைத் தலைவனுக்கு ஊதியம் இல்லை. கைதிகளிடம் கட்டணம் வாங்கியே அவன் பிழைத்தான். உள்ளே நுழையக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம், விலங்கைத் தளர்த்தக் கட்டணம். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்த பின்னரும், கட்டணம் செலுத்த இயலாது உள்ளேயே கிடந்தோர் உண்டு.

இக்கொடுமையை நாடறியச் செய்தவர் ஜான் ஹவர்டு என்னும் பெருமகனார். 1773ஆம் ஆண்டில் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீபாகப் பதவியேற்ற அவர், நாடெங்கும் குதிரைமீது சென்று சிறைகளைப் பார்வையிட்டார். 1777இல் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். அவருடைய முயற்சியால் 1774ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று விடுதலை பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதை நீக்கியது. மற்றொன்று சிறையைத் தூய்மையாக வைத்திருக்குமாறு பணித்தது. ஆனால் அச்சட்டங்கள் நடைமுறையில் உள்ளனவா என்று பார்ப்பதற்கு ஆள் இல்லை. சிறைகள் அரசுக்கு உரியனவாக இல்லாமல், மாவட்டத்துக் கௌரவ நீதிபதிகளுக்கும் நகராண்மைக் கழகங்களுக்கும் உரியனவாக இருந்தன. தலைநகரில் இயற்றிய சட்டம் சிறைச்சாலையின் வாயிற்படியோடு நின்றுவிட்டது. 1790இல் ஹவர்டு மறைந்தார். அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான சிறைகள் பழைய நிலையிலேயே கிடந்தன.

பிறப்பும் இளமையும்

எலிஸபெத், 1780ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நார்விச் நகரில் தோன்றினார். தந்தையார் ஜான் கர்னி, கம்பளி வாணிகமும் வட்டிக்கடையும் நடத்திய பெருஞ்செல்வர். அன்னையார் காதரின், ஏழை எளியோர் இல்லம் தேடிச் சென்று உதவும் இயல்பினர். சிறுமியாக இருந்த எலிஸபெத்தையும் அவர் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். அந்த அன்னையார் 1792இல் மறைந்தார். அப்பொழுது எலிஸபெத்திற்கு வயது 12. தம்பி தங்கையர் பலரை வளர்க்கும் பொறுப்பில் மூத்த சகோதரிக்கு உறுதுணையானார்.

கர்னி குடும்பத்தார் குவேக்கர் என்னும் சமயக் குழுவைச் சார்ந்தவர்கள். குவேக்கர்கள் ஆடம்பரத்தை ஒதுக்கி எளிய உடை உடுப்பவர்கள், அமைதியாக அமர்ந்து இறைவனை எண்ணுபவர்கள், போரை வெறுப்பவர்கள். ஆனால் ஏர்லம் என்னும் ஊரில் இருந்த கர்னி மாளிகையில் இக்கட்டுப்பாடுகள் அவ்வளவு கடுமையாக இல்லை. பாட்டும் கூத்தும் வண்ண உடைகளும் அங்கே உண்டு. 1798ஆம் ஆண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்னும் குவேக்கர் பெரியார் நார்விச்சில் சொற்பொழிவு ஆற்றினார். சிவப்பு நாடா இழைத்த ஊதா நிறக் காலணி அணிந்து, அரைமனத்தோடு கேட்கச் சென்ற 17 வயது மங்கை, கண்ணீரோடு வீடு திரும்பினார். அன்றிலிருந்து அவர் வாழ்வு மாறத் தொடங்கியது. பிறகு எளிய சாம்பல் நிற ஆடையும் வெண்ணிறத் தொப்பியுமே அவருடைய கோலமாயின. ஊரிலிருந்த ஏழைக் குழந்தைகளைத் திரட்டித் தம் இல்லத்திலேயே எழுத்துக் கற்பித்தார். பின்னாளில் சிறைக்குள் அவர் அமைத்த பள்ளிக்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

இல்லறம்

1800ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜோசப் பிரை என்னும் குவேக்கர் வணிகரை மணந்து, எலிஸபெத் லண்டன் மாநகருக்குக் குடியேறினார். பிரை குடும்பத்தார் தேயிலை வாணிகமும் வங்கித் தொழிலும் நடத்தியவர்கள். காலப்போக்கில் அம்மையார் 11 மக்களைப் பெற்றார். விருந்தினர் வந்த வண்ணமிருக்கும் பெரிய வீடு, ஓயாத குடும்பப் பொறுப்பு, அடிக்கடி வருத்திய நோய் ஆகியவற்றிடையே, தாம் எண்ணிய தொண்டு ஒன்றும் கைகூடவில்லையே என்ற ஏக்கம் அவரை வாட்டியது. அந்த ஏக்கத்தை அவர் தம் நாட்குறிப்பில் பலகாலும் எழுதி வைத்தார். 1811இல் குவேக்கர் சபை அவரைச் சமயப் போதகராக ஏற்றுக்கொண்டது. பெண்டிர் மேடையேறிப் பேசுவதை மற்றைய சபைகள் ஏற்காத காலம் அது. குவேக்கர்கள் அவ்வுரிமையை மகளிர்க்கு அளித்திருந்தனர்.

நியூகேட்டின் வாயில்

லண்டன் மாநகரின் நடுவில், கருங்கோட்டை போல் நின்றது நியூகேட் சிறை. 1813ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரெஞ்சு நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்டீபன் கிரெலே என்னும் குவேக்கர் பெரியார் அச்சிறையைப் பார்வையிட்டார். பெண்கள் பகுதியில், வெறுந்தரையில், உடையின்றி நடுங்கும் பச்சிளங் குழந்தைகளைக் கண்டு உள்ளம் உடைந்தார். நேரே அம்மையாரின் இல்லம் சென்று செய்தி கூறினார். அம்மையார் உடனே கம்பளித் துணி வாங்கி, அண்டை வீட்டு மகளிரைக் கூட்டிக் குழந்தைகளுக்கான உடைகளைத் தைத்து முடித்தார். தம் தோழி அன்னா பக்ஸ்டனோடு நியூகேட்டை அடைந்தார்.

சிறைத் தலைவனே தனியாக நுழைய அஞ்சிய பகுதி அது. உள்ளே 300 பெண்கள் தம் குழந்தைகளோடு அடைபட்டிருந்தனர். கொலைகாரியும், பசிக்கு ரொட்டி திருடியவளும், விசாரணையே தொடங்கப் பெறாதவளும் ஒரே அறையில் கிடந்தனர். சமைப்பதும் துவைப்பதும் உறங்குவதும் அங்கேயே. பாய் இல்லை, போர்வை இல்லை. காவல் புரிந்தோர் அனைவரும் ஆடவர். காசு கொடுத்தால் மதுபானம் உள்ளேயே கிடைத்தது. அக்காசுக்காக, கம்பிகளின் வழியே கழியில் கட்டிய அகப்பையை நீட்டி, வெளியே வருவோரிடம் பிச்சை கேட்டு, கிடைத்ததைப் பங்கிடுவதில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர். அம்மையார் குழந்தைகளுக்கு உடை அளித்தார். நோயுற்றோர் படுக்க வைக்கோல் வரவழைத்தார். மண்டியிட்டு இறைவனை வேண்டினார். அவ்வளவே அப்பொழுது இயன்றது.

பின்னர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவரால் நியூகேட்டிற்கு மீண்டும் செல்ல இயலவில்லை. கணவரின் வங்கி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. மேலும் குழந்தைகள் பிறந்தன. 1815இல், ஐந்து வயதும் நிரம்பாத மகள் ஒருத்தியை அவர் பறிகொடுத்தார். தாம் பெற்ற குழந்தையை மண்ணில் இட்ட அந்தத் துயரம், சிறையில் வாடிய குழந்தைகளின் நினைவை அவருள் மேலும் ஆழப் பதித்தது போலும்.

சிறைக்குள் ஒரு சங்கம்

1816ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் மீண்டும் நியூகேட்டிற்குச் சென்றார். இம்முறை தம்மைத் தனியாக உள்ளே விட்டுக் கதவை அடைக்குமாறு வேண்டினார். ஓர் இளங்குழந்தையைக் கையில் எடுத்து, இக்குழந்தைகளுக்காக நாம் ஏதேனும் செய்யலாகாதா என்று அத்தாய்மாரைக் கேட்டார். சீர்திருத்துகிறேன் என்று சென்றிருந்தால் அவர்கள் எள்ளி நகைத்திருப்பர். தாய்க்குத் தாயாக நின்று அவர் கேட்டது அவர்கள் நெஞ்சைத் தொட்டது. பள்ளி ஒன்று அமைப்பது என்று முடிவாயிற்று. ஆசிரியையையும் கைதிகளே தம்முள்ளிருந்து தேர்ந்தனர். கடிகாரம் திருடியதாகச் சிறைப்பட்ட மேரி கானர் என்னும் இளம்பெண் முதல் ஆசிரியை ஆனாள்.

குழந்தைகளின் பள்ளியைக் கண்ட தாய்மார், தமக்கும் கற்பிக்குமாறும், வேலை தருமாறும் வேண்டினர். நகரத்து அதிகாரிகள் இதனை நம்பவில்லை. அவர்கள் கையில் துணி கொடுத்தால் திருடுவர். ஊசி கொடுத்தால் குத்திக்கொள்வர் என்றே கருதினர். 1817ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்மையார் 12 மகளிரைக் கொண்டு, நியூகேட்டுப் பெண் கைதிகளின் நலனுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். ஒரு பாதிரியாரின் மனைவி நீங்கலாக ஏனையோர் குவேக்கர்கள். ஒவ்வொரு நாளும் அவர்களுள் எவரேனும் சிறைக்குச் செல்வது என்று முறை வகுத்துக்கொண்டனர். பெண்களை மேற்பார்க்க ஒரு பெண்ணையே அமர்த்தி, அவருக்குரிய ஊதியத்தையும் தாமே திரட்டினர்.

ஒழுங்குக்கான விதிகளை அம்மையார் எழுதினார். ஆயினும் அவற்றைத் தாமே திணிக்கவில்லை. ஷெரீபுகள் முன்னிலையில் ஒவ்வொரு விதியையும் படித்து, கைதிகள் கையுயர்த்தி இசைந்த பின்னரே அதனை நிலைநாட்டினார். பிச்சை கேட்டலும் சூதாடலும் சண்டையும் தீச்சொல்லும் கூடா. தையலும் பின்னலும் செய்தல் வேண்டும். பன்னிருவர் கொண்ட ஒவ்வொரு குழுவிற்கும் கைதிகளுள் ஒருத்தியே கண்காணி ஆதல் வேண்டும் என்பன அவ்விதிகள். மனிதராகவே மதிக்கப் பெறாதவர்களிடம் ஒப்புதல் கேட்டதே அவர் செய்த புதுமை. தாம் இசைந்த விதியை மீற அப்பெண்கள் நாணினர். அவர்கள் பின்னிய காலுறைகளும் தைத்த ஆடைகளும், கைதிகள் குடியேறிய ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு அனுப்பப்பட்டன.

சில வாரங்கள் கழித்து நகரத் தலைவரும் நகராண்மைக் கழக உறுப்பினர்களும் பார்வையிட வந்தனர். கூச்சலும் குடியும் நிறைந்திருந்த அறையில், வரிசையாக அமர்ந்து தையல் வேலையில் ஈடுபட்டிருந்த பெண்களைக் கண்டு வியப்புற்றனர். அம்முறையைத் தம் சிறையின் நிலையான ஏற்பாடாக நகராண்மைக் கழகம் ஏற்றுக்கொண்டு, மேற்பார்வைப் பெண்ணின் ஊதியத்தில் ஒரு பகுதியையும் வழங்க முன்வந்தது.

பாராளுமன்றமும் தூக்குமரமும்

1818ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், லண்டன் சிறைகளைப் பற்றி ஆராய்ந்த காமன்ஸ் சபைக் குழுவின் முன்னர் அம்மையார் சான்று பகர்ந்தார். மகளிர்க்கு வாக்குரிமையே இல்லாத நாளில், ஆட்சிமுறை பற்றிய ஒரு பொருளில் ஒரு பெண்ணின் கருத்தைப் பாராளுமன்றக் குழு கேட்டது அரிய நிகழ்ச்சியாகும். பெண் கைதிகளுக்குத் தனிச் சிறை வேண்டும். அவர்களைப் பெண்களே காத்தல் வேண்டும். வேலையும் அதற்குரிய கூலியும் வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார்.

ஆனால் அதே ஆண்டிலேயே அவருக்குப் பெருந்தோல்வியும் நேர்ந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடமளித்தது. கள்ள நோட்டை மாற்றுவதும் அவற்றுள் ஒன்று. ஏழைகள் கையிலும் புழங்கிய ஒரு பவுண்டு நோட்டுகளைப் பொய்யாக அச்சிடுவது எளிதாக இருந்தமையால், அக்குற்றத்திற்காகத் தூக்கு மேடை ஏறியோர் பலர். ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் பணிப்பெண் அவ்வாறு தண்டனை பெற்றாள். நல்லொழுக்கமுடைய அப்பெண்ணின் உயிரைக் காக்க அம்மையார் இங்கிலாந்து வங்கியிடம் மன்றாடினார். அரச குடும்பத்தவராகிய கிளாஸ்டர் கோமகனின் துணையையும் நாடினார். உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபு அவர் வேண்டுகோளை மறுத்ததோடு, சட்டத்தின் கடமையில் குறுக்கிடுவதாகச் சினந்தார். 1818 ஏப்ரல் மாதத்தில் ஹாரியட் தூக்கிலிடப்பட்டாள். சிறைக்குள் அன்பு செலுத்துவதை வரவேற்ற ஆட்சியாளர், சட்டத்தை வினவுவதை விரும்பவில்லை. தொண்டு எந்த எல்லையில் ஆட்சியோடு மோதும் என்பதை அம்மையார் அன்று கண்டுகொண்டார். 1830களில் பாராளுமன்றம் கள்ள நோட்டுக் குற்றத்திற்குரிய மரண தண்டனையை நீக்கியது. ஆனால் ஹாரியட்டுக்கு அது காலம் கடந்து வந்த கருணை.

கடல் கடந்து சென்றோர்

நாடு கடத்தப்படும் பெண்களை அந்நாளில் கைவிலங்கோடு திறந்த வண்டிகளில் ஏற்றித் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வர். வழியெங்கும் கூடி நின்று எள்ளி நகைப்பதும் சேற்றை வீசுவதும் மக்களுக்கு வேடிக்கை. முதல் நாளிரவு அப்பெண்கள் ஆற்றாமையால் சிறையின் பலகணிகளையும் பண்டங்களையும் உடைத்து நொறுக்குவர். 1818இல் அம்மையார் சிறைத் தலைவனிடம் பேசி, மூடிய வண்டிகளில் அவர்களை அனுப்பச் செய்தார். தாமும் தம் வண்டியில் உடன் சென்றார். அன்று நியூகேட்டில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

கப்பலில் மாதக்கணக்கில் வாளாவிருக்கும் பெண்களுக்கென, ஊசி, நூல், கத்தரி, ஒட்டுத் துணிகள், வேதநூல் ஆகியவை கொண்ட பை ஒன்றை ஒவ்வொருவருக்கும் சங்கத்தார் வழங்கினர். அத்துணிகளை இணைத்து மெத்தை விரிப்புத் தைத்து, கரையேறியதும் விற்றுக் கொஞ்சம் பொருளோடு புதுவாழ்வு தொடங்கலாம் என்பது கருத்து. அம்மையார் தம் வாழ்நாளில் 106 கப்பல்களுக்கு நேரில் சென்று 12,000 பெண்களை வழியனுப்பினார் என்பர். 1841இல் ராஜா என்னும் பெயருடைய கப்பலில் டாஸ்மேனியாவுக்குச் சென்ற பெண்கள், 2,800க்கும் மேற்பட்ட துண்டுகளை இணைத்து ஓர் அழகிய விரிப்பைத் தைத்து, அதில் தம் நன்றியையும் ஊசியால் எழுதினர். ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் அதனை இன்றும் பேணி வருகிறது.

சட்டம் வந்தது, கண்காணிப்பு வரவில்லை

1818இல் அம்மையார், தம் தம்பி ஜோசப் ஜான் கர்னியோடு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ள சிறைகளைச் சுற்றிப் பார்த்தார். அவர்கள் கண்டவை மறு ஆண்டில் நூலாக வெளிவந்தன. 1821இல், நாடெங்கும் உள்ள மகளிர் சிறைத் தொண்டுக் குழுக்களை இணைத்து ஒரு பொதுச் சங்கம் உருவாயிற்று.

இம்முயற்சிகளின் பயனாக, உள்துறை அமைச்சராக வந்த ராபர்ட் பீல் 1823ஆம் ஆண்டில் சிறைச்சட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். சிறைத் தலைவனுக்கு ஊதியம் வழங்க வேண்டும்; கைதிகளிடம் கட்டணம் கூடாது; பெண் கைதிகளைப் பெண்களே காத்தல் வேண்டும்; தக்க காரணமின்றி விலங்கிடலாகாது; மருத்துவரும் பாதிரியாரும் வந்து பார்த்தல் வேண்டும்; நீதிபதிகள் முறையாகப் பார்வையிட்டு உள்துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. அம்மையார் காமன்ஸ் சபைக் குழுவின் முன் வேண்டியவற்றுள் முதன்மையானவை சட்டமாயின.

ஆயினும் குறைகள் இருந்தன. மாவட்டச் சிறைகள், லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், 17 பெருநகரங்கள் ஆகியவற்றிற்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தியது. சிற்றூர்ச் சிறைகளும் கடனாளிகளின் சிறைகளும் விடுபட்டன. மேலும், நீதிபதிகள் எழுதி அனுப்பும் அறிக்கை மெய்தானா என்று சென்று பார்க்க அரசுக்கென ஆய்வாளர் ஒருவரும் இல்லை. ஹவர்டு காலத்துக் குறை அப்படியே நின்றது. கணக்கு எழுதுபவனே கணக்கைச் சரிபார்ப்பது போன்ற ஏற்பாடு அது. வெளியிலிருந்து உள்ளே சென்று பார்க்கும் கண்களாக அம்மையாரும் அவர் சங்கத்தாருமே விளங்கினர். 1827இல் அம்மையார் எழுதிய சிறுநூல், பெண் கைதிகளைப் பார்வையிடுவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை விளக்குகிறது. கைதி இருக்கும் நிலையை இழித்துரையாமை, அவள் குற்றத்தைத் துருவிக் கேளாமை, பொறுமை ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார்.

துன்ப நாட்கள்

1828ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜோசப் பிரையின் வங்கி முறிந்தது. பணம் போட்டவர்கள் இழப்புற்றனர். கடனைத் தீர்க்காத குற்றத்திற்காகக் குவேக்கர் சபை ஜோசப்பைத் தன்னினின்றும் விலக்கியது. பெரிய மாளிகையை விட்டுச் சிறிய இல்லத்திற்குக் குடும்பம் இடம்பெயர்ந்தது. சங்கத்தின் பொருளையும் அம்மையார் கையாடியிருப்பாரோ என்று நாக்கூசாமல் பேசினர் சிலர். கணவனையும் மக்களையும் கவனியாது ஊர்த் தொண்டுக்கு அலைந்ததன் விளைவு இது என்றனர் வேறு சிலர். உற்றார் மத்தியில் தலைகுனிய நேர்ந்த அந்நாட்களில், கடனாளிச் சிறையின் கொடுமையை வெளியிலிருந்து கண்டிருந்தவர், அது தம் இல்லத்து வாயிலையே தொட்டுச் செல்லும் என்பதை உணர்ந்தார். பிறந்தகத்துச் சகோதரர்கள் கைகொடுத்துத் தாங்கினர். சில காலம் ஒதுங்கியிருந்த அம்மையார், மீண்டும் நியூகேட்டின் படியேறினார்.

அரசு ஆய்வாளர்களும் அம்மையாரும்

1835ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் குழுவொன்று அம்மையாரை அழைத்து அவர் கருத்தைக் கேட்டது. அவ்வாண்டே நிறைவேறிய சட்டத்தின்படி சிறைகளைப் பார்வையிட ஐந்து ஆய்வாளர்களை அரசு நியமித்தது. எந்தச் சிறையிலும் நுழையவும், ஏடுகளைக் கேட்டுப் பார்க்கவும், பாராளுமன்றத்திற்கு அறிக்கை தரவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பல்லாண்டுகளாக இல்லாதிருந்த ஆட்சியின் கண் கடைசியில் திறந்தது. அம்மையாரின் உள்ளம் எவ்வளவு மகிழ்ந்திருக்க வேண்டும்!

ஆனால் அந்தக் கண் கண்ட கனவு வேறாக இருந்தது. லண்டன் வட்டாரத்தின் ஆய்வாளர்களான வில்லியம் கிராபோர்டும் விட்வொர்த் ரஸலும், கைதிகளைத் தனித்தனி அறைகளில் அடைப்பதே சிறந்த வழி என்று நம்பினர். கிராபோர்டு அமெரிக்கா சென்று அந்நாட்டுச் சிறைகளைப் பார்த்து வந்தவர். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தையும் காணக் கூடாது; குரலையும் கேட்கக் கூடாது; தனிமையில் அவன் மனச்சான்று அவனைத் திருத்தும் என்பது அவர்கள் கொள்கை. 1842இல் லண்டனில் திறக்கப்பட்ட பென்டன்வில் சிறை அக்கொள்கையின் வடிவம். அங்கே 520 தனியறைகள் இருந்தன. அறையை விட்டு வெளிவரும்பொழுது கைதிகள் முகத்தை மறைக்கும் தொப்பி அணிந்தனர். வழிபாட்டுக் கூடத்திலும் ஒவ்வொருவருக்கும் தனித் தடுப்பு. 18 மாதங்கள் இவ்வாறு வாழ்ந்தோருள் சிலர் மனநிலை பிறழ்ந்தனர். பின்னர் அக்காலம் 9 மாதங்களாகக் குறைக்கப்பட்டது.

இரவில் தனியே உறங்குவதை அம்மையாரும் வேண்டினார். ஆனால் பகலெல்லாம் தனிமை என்பதை அவர் ஏற்கவில்லை. மனிதர் மனிதரோடு பழகி, வேலை செய்து, கற்று, தவறி, மீண்டும் முயன்றே திருந்த முடியும் என்பது நியூகேட்டில் அவர் கண்ட உண்மை. நல்ல நோக்கத்தோடு கட்டும் தனியறையும், நாளைக்கு இரக்கமற்றவர் கையில் சிக்கினால் கொடுங்கருவி ஆகிவிடும் என்று அவர் அஞ்சினார். கற்றறிந்த ஆய்வாளர்களின் புள்ளிகளும் வரைபடங்களும் முன்னிற்க, ஒரு தாயின் பட்டறிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. அறிவும் அதிகாரமும் சிறைக்குள் நுழைந்தன. அவற்றின் பின்னே அன்பு நுழைய வழி குறுகியது.

பிற நாடுகளின் அழைப்பு

1838 முதல் 1843 வரை அம்மையார் பன்முறை ஐரோப்பா சென்றார். பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மானிய நாடுகள், டென்மார்க் ஆகியவற்றின் சிறைகளைக் கண்டு, மன்னர்க்கும் அமைச்சர்க்கும் தம் கருத்துகளை உரைத்தார். 1840இல் ஏழைகளின் இல்லம் சென்று நோயாளிகளைப் பேணும் செவிலியர் இல்லம் ஒன்றையும் லண்டனில் அமைத்தார். 1842இல் லண்டனுக்கு வந்த பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம், நியூகேட்டிற்கே சென்று, கைதிகளோடு அமர்ந்து அம்மையார் வேதம் படிக்கக் கேட்டார். பின்னர் அவர் இல்லத்தில் விருந்துண்டார். வங்கி முறிந்து வறியரான குடும்பத்தின் வாயிலில் ஒரு முடிமன்னரின் தேர் வந்து நின்ற காட்சி அது.

1845ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆம் நாள், ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் அம்மையார் தம் 65ஆம் வயதில் இயற்கை எய்தினார். பார்கிங் ஊரின் குவேக்கர் இடுகாட்டில் நடந்த அடக்கத்தின்போது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் திரண்டு மௌனமாக நின்றனர்.

அவருக்குப் பின்

இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூர்ச் சிறைகள் அனைத்தும் மறு ஆண்டு முதல் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தன. ஒழுங்கும் தூய்மையும் நிலைபெற்றன. ஆனால் கடுமையும் தனிமையும் மிகுந்தன. அரசே அமைத்த ஒரு குழு 1895இல், கைதியைத் திருத்துவதும் சிறையின் கடமை என்று அறிவுறுத்திய பிறகே சிறைகள் மெல்ல மெல்ல அம்மையாரின் வழிக்குத் திரும்பலாயின.

நம் நாட்டிலும் அந்த இரு போக்குகளின் சுவடுகளைக் காணலாம். மெக்காலே அங்கம் வகித்த சிறைக் குழு 1838இல் அளித்த அறிக்கை, மையச் சிறைகளையும் மாகாணந்தோறும் ஒரு தலைமை ஆய்வாளரையும் வேண்டியது. ஆனால் கல்வியாலும் அன்பாலும் கைதி திருந்துவான் என்பதை அது நம்பவில்லை. 1866இல் இங்கிலாந்திலிருந்து வந்த மேரி கார்பென்டர் அம்மையார், ஆமதாபாத், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களைச் சுற்றி, பெண்கல்வியோடு சிறைச் சீர்திருத்தத்தையும் அரசுக்கு வலியுறுத்தினார். பெண் கைதிகளைத் தனியே வைத்தல், வெளியார் சென்று பார்வையிட விதி செய்தல் ஆகியவை 1894ஆம் ஆண்டின் இந்தியச் சிறைச்சட்டத்தில் இடம்பெற்றன. கைதியல்லாத ஒருவர், அலுவலரல்லாத ஒருவர், சிறைக்குள் சென்று பார்க்கலாம் என்ற நெறிக்கு நியூகேட்டின் வாயிலில் நின்ற அந்தப் பெண்மணி ஒரு முன்னோடி.

நியூகேட் சிறை 1904ஆம் ஆண்டிற்குள் இடித்து அகற்றப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த நீதிமன்ற மாளிகையில் அம்மையாரின் சிலை நிற்கிறது. எந்த வங்கியின் நோட்டுக்காக ஹாரியட் தூக்கிலிடப்பட்டாளோ, அதே இங்கிலாந்து வங்கி 2002இல் வெளியிட்ட ஐந்து பவுண்டு நோட்டில் அம்மையாரின் உருவத்தைப் பொறித்தது. நியூகேட்டில் அவர் கைதிகளுக்குப் படித்துக் காட்டும் காட்சியும், அச்சிறையின் சாவியும் அதில் இருந்தன. 2017 வரை அந்நோட்டு கோடிக்கணக்கான கைகளில் புழங்கியது.

எலிஸபெத் பிரை அம்மையாரின் வாழ்வு நமக்குணர்த்துவது ஒன்று உண்டு. சட்டம் இயற்றுவதோடு அறம் நிறைவேறிவிடாது. அதனைச் சென்று பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் ஆட்சியாளருடையதாக மட்டும் இருப்பின் சுவரும் பூட்டும் செம்மையாக இருக்கின்றனவா என்று பார்க்கும். உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்க, வெளியிலிருந்து செல்லும் அண்டை அயலாரின் கண்ணும் வேண்டும். பன்னிரு மகளிர் ஓர் இல்லத்தின் கூடத்தில் கூடித் தொடங்கிய சங்கம், ஒரு பேரரசின் சிறைகளை அசைத்தது. ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு குடியிருப்பில் கூடி வாழ்ந்து, சங்கம் வைத்து நடத்தும் நமக்கு இச்செய்தி சிறப்பாக உரியது. விழாவும் விருந்தும் முடிந்தபின், நம் குடியிருப்பின் மதிலுக்கு வெளியே எவர் கதவு அடைபட்டுக் கிடக்கிறது என்று ஒருமுறை சென்று பார்ப்போமாக.